ஜிக் தத்த மறுக்கிறதா? ராடை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக வீசித் தண்ணீர் மேல் தத்தவிட்டிருப்பீர்கள். மீன்பிடியில் ஜிக்கை (ஈயத் தலையும் முள்ளும் கொண்ட செயற்கை இரையை) தத்தவிடுவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் சில்லுக்குப் பின்னால் தூண்டில் நரம்பு கிடையாது. போன சில்லைத் திரும்ப இழுக்கவும் வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் லார்ஜ்மவுத் பாஸ் போன்ற மீன்கள் படகுமேடைகளுக்கு அடியிலும் தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலும் நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். மேடைப் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் பல இடங்களில் ஒரு முழம்கூட இருக்காது. மேலிருந்து வீசினால் பலகையில்தான் மோதும். தண்ணீரை ஒட்டி வீசி, நாலைந்து தத்தில் ஜிக்கை உள்ளே அனுப்பினால்தான் மீன் இருக்கும் இடத்துக்குப் போகும்.

இதற்கான ராடு, அதாவது தூண்டில் கம்பு, ஒரே கம்பில் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டும். வீசும்போது நுனி இளகி வளைந்து, மணிக்கட்டின் சின்னச் சுண்டலிலேயே ஜிக்கைத் தூக்கி எறிய வேண்டும். மீன் கடித்ததும் அதே ராடு விறைத்து நின்று, தடித்த முள்ளைத் தாடைக்குள் ஏற்றி, தூண்களுக்கு நடுவிலிருந்து மீனை வெளியே இழுக்க வேண்டும். கீழே வரும் பெரும்பாலான கோளாறுகள் இந்த இழுபறியில் பிறப்பவைதான். எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். சில கோளாறு கையில் இருக்கும், சில ரீலில் (நரம்பைச் சுற்றிவைக்கும் கருவியில்) இருக்கும், சில ஜிக்கிலேயே இருக்கும். அதைப் பிரித்தறியாமல் புது ராடு வாங்கினால் பழைய கோளாறும் கூடவே வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நடுநிலை அளவு: 6 அடி 10 அங்குலம் முதல் 7 அடி 2 அங்குலம் வரை நீளம், மீடியம் ஹெவி பவர் (ராடின் விறைப்பு), ஃபாஸ்ட் அல்லது அதற்குச் சற்றே இளகிய மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (ராடு எவ்வளவு நுனியோடு வளைகிறது என்பது), 3/8 அவுன்ஸ் (சுமார் 10.6 கிராம்) அல்லது 1/2 அவுன்ஸ் (14 கிராம்) ஜிக், 15 முதல் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. உங்கள் ராடு இதிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு வாசியுங்கள்.

இன்னொன்று. அறிகுறியைத் தேடும் முன், திறந்த வெளியில் அதே ராடு, அதே ரீல், அதே ஜிக்கை வைத்துத் தலைக்கு மேலாகச் சாதாரணமாகப் பத்து முறை வீசுங்கள். அதிலும் சிக்கு விழுந்தால் தத்தவிடுவதைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம், ரீலைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அது சரியாகப் போய், தத்தவிடும்போது மட்டும் கெட்டுப்போனால் மேலே படியுங்கள். எந்தத் திருத்தமானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நரம்பு, ரீலின் பிரேக், டிரெய்லர் (ஜிக்கின் முள்ளில் கோக்கும் மென்பிளாஸ்டிக் துணை இரை) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் அடியிலேயே முங்கிவிடுகிறது

ஜிக் தண்ணீரைத் தொட்டதும் "ப்ளக்" என்று உள்ளே போய்விடுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஜிக்கின் அடிவயிறு. உருண்டைத் தலையும் மெல்லிய வாலும் உள்ள ஜிக் கல் மாதிரி முங்கும். தட்டையான அடி கொண்ட தலையும், அதன் பின்னால் அகலமான, தட்டையான டிரெய்லரும் வேண்டும். தண்ணீர் மேல் வழுக்குவது பெரும்பாலும் அந்த டிரெய்லர்தான். அதைக் கோணலாகக் கோத்திருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்கும். தலையின் தட்டையும் டிரெய்லரின் தட்டையும் ஒரே மட்டத்தில் படுத்திருக்கட்டும். தலையைச் சுற்றியுள்ள இழைக் குஞ்சம் நீண்டு தொங்கினால் முள்ளின் வளைவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்தது கோணம். 2004-ல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் வட்டத் தகடுகளை இயந்திரத்தால் தண்ணீர் மேல் எறிந்து பார்த்து நேச்சர் இதழில் எழுதினார்கள். தகட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 20 பாகை சாய்வு இருக்கும்போதுதான் தத்துவது எளிது என்பது அவர்கள் கண்டது. ஜிக் சில்லு மாதிரி சுழலாது என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் சாரம் ஒன்றுதான்: படுக்கையாக வர வேண்டும், முகம் மட்டும் துளி நிமிர்ந்திருக்க வேண்டும், வேகம் வேண்டும். (2013-ல் அமெரிக்கரான கர்ட் ஸ்டைனர் ஒரே கல்லை 88 முறை தத்தவிட்டார். ஜிக்குக்கு அவ்வளவு தேவையில்லை.)

ராடு இங்கே எப்படிக் குற்றவாளியாகிறது? வீசும்போது நுனி தண்ணீரிலிருந்து இரண்டு மூன்று சாண் உயரத்துக்குள் பயணிக்க வேண்டும். நுனி இடுப்பு உயரத்தில் இருந்தால் ஜிக் கீழ்நோக்கிச் சரிந்துதான் வரும். ராடு நீளமாக இருப்பவர்கள் நுனி தண்ணீரில் இடிக்குமோ என்று தங்களை அறியாமலே கையை உயர்த்திவிடுகிறார்கள். கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்துப் பாருங்கள். நுனி உயரமாகப் போகிறதென்றால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான். நுனி தாழ்வாகவே போயும் முங்குகிறதென்றால் நுனி ரொம்ப விறைப்பு என்று சந்தேகிக்கலாம். விறைத்த நுனி ஜிக்கின் எடையில் வளையாது, வளையாத நுனி சுண்டாது, சுண்டாததைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பீர்கள். தோள் வந்து சேர்ந்தாலே கோணம் போய்விடும்.

நுனி தண்ணீரை அடிக்கிறது, பின்பிடி விலாவில் இடிக்கிறது

இது சந்தேகமே இல்லாமல் ராடின் கோளாறு. நானும் இதில் மாட்டியவன்தான். கனமான ஜிக்குக்குக் கனமான ராடு என்று கணக்குப் போட்டு 7 அடி 6 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். செடிகளுக்குள் நேராக இறக்குவதற்கு அது அருமையான ராடு. தத்தவிடப் போனால் பாதி வீச்சில் நுனி தண்ணீரைக் கிழித்தது, மீதியில் பின்பிடி (ரீலுக்குப் பின்னால் நீளும் கைப்பிடி) விலாவில் குத்தியது. கை பழகவில்லை என்று நினைத்து ஒரு பருவம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நீளத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவுசெய்யாதீர்கள். தண்ணீருக்கு மேல் உங்கள் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி, ராடைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வீசுகிற மாதிரி பக்கவாட்டில் மெதுவாக ஒரு அரைவட்டம் அடியுங்கள். நுனி எங்குமே தண்ணீரைத் தொடாமல், அதே நேரம் உங்கள் மணிக்கட்டும் தூக்கிப் பிடிக்காமல் இயல்பாக இருந்தால் நீளம் சரி. உயரமான படகுத் தளத்தில் நிற்கும் நெட்டையான ஆளுக்கு 7 அடி 3 அங்குலம்கூடப் பொருந்தும். கயாக்கில் உட்கார்ந்து வீசுபவருக்கு 6 அடி 6 அங்குலமே போதும். கரையில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி நிற்பவரும் குட்டையானதையே பார்க்கலாம்.

பின்பிடிக்கு இன்னும் எளிய சோதனை. ரீலோடு ராடைப் பிடித்து, பின்பிடியை முன்னங்கையின் அடிப்பக்கமாக ஒட்டவையுங்கள். அடிக்கட்டை முழங்கைக்குள் முடிந்துவிட வேண்டும். முழங்கையைத் தாண்டினால், மணிக்கட்டைச் சுழற்றி வீசும்போதெல்லாம் உடம்பில் தட்டும். தட்டும் என்று தெரிந்ததும் கை தானாக உடம்பைவிட்டு விலகும், வீச்சு கெடும். பின்பிடியை அறுத்துக் குட்டையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம்தான், ஆனால் அடிப்பக்க எடை குறைந்து ராடு நுனிக்கனமாகிவிடும். பழைய ராடில் முயன்று பாருங்கள், நல்ல ராடில் வேண்டாம்.

இரண்டு தத்து தத்தியதும் ஸ்பூலில் சிக்கு

பெய்ட்காஸ்டர் (வீசும்போது நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலும் சேர்ந்து சுழலும் ரீல்) வைத்திருக்கும் எல்லோரும் முதலில் சொல்லும் புகார் இது. ராடை மாற்றச் சொல்லிப் பலரைத் தூண்டுவதும் இதுதான். பெரும்பாலும் ராடு குற்றமற்றது.

நடப்பது இதுதான். தலைக்கு மேலாக வீசும்போது ஜிக் காற்றில் மெல்ல மெல்ல வேகம் குறையும், ஸ்பூலும் அதோடு சேர்ந்தே குறையும். தத்தும்போது அப்படியில்லை. ஒவ்வொரு முறை தண்ணீரைத் தொடும்போதும் ஜிக் சட்டென்று வேகம் இழக்கிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது. அது பழைய வேகத்திலேயே நரம்பைக் கக்கிக்கொண்டிருக்கும். போக இடமில்லாத நரம்பு ஸ்பூல் மேலேயே சுருண்டு எழும்பிச் சிக்காகும்.

சரிசெய்யும் வரிசை:

1. ஸ்பூல் பக்கவாட்டுத் திருகு. ராடைக் கிடையாகப் பிடித்து ஸ்பூலை விடுவித்தால் ஜிக் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானே நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் இன்னும் சற்று இறுக்குங்கள்.

2. பிரேக். வழக்கமான வீச்சுக்கு வைத்திருப்பதைவிடக் கூட்டி வையுங்கள். தொடக்கத்தில் முக்கால்வாசிக்கு மேலேயே வைக்கலாம். தத்தவிடுவது குட்டைத் தூர வேலை, தூரம் குறைந்தால் நட்டமில்லை. மையவிலக்கு பிரேக்கின் பிடி வேகத்தின் இருமடியோடு ஏறும். அதனால் தொடக்கத்தில் இறுகப் பிடித்து, வேகம் குறையக் குறைய விரைவாகத் தளர்ந்துவிடும். காந்த பிரேக் வேகத்துக்கு நேர் விகிதத்தில் பிடிப்பதால் வீச்சின் வால்பகுதியிலும் கொஞ்சம் பிடி மிச்சமிருக்கும். சிக்கு எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். ஜிக் கிளம்பிய உடனேயே என்றால் உங்கள் சுண்டல் முரட்டுத்தனமானது. கடைசித் தத்தில் என்றால் பிரேக்கும் கட்டைவிரலும்தான் குறை.

3. கட்டைவிரல். ஜிக் தண்ணீரைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஸ்பூலைப் பட்டும் படாமலும் தடவ வேண்டும். அழுத்தினால் ஜிக் அங்கேயே நின்றுவிடும். இதை எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. நூறு வீச்சில் விரல் தானே கற்றுக்கொள்ளும்.

4. நரம்பின் அளவு. ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாதீர்கள். நிறைந்த ஸ்பூல் கனமானது, கனமானது நிற்க நேரமாகும்.

பழகும் நாட்களுக்கு ஒரு தந்திரம். உங்கள் வழக்கமான தூரத்துக்கு ஒரு முறை வீசி, அதற்கு மேல் நாலைந்து மீட்டர் நரம்பை உருவிவிட்டு, ஸ்பூலில் மீதமிருக்கும் நரம்பின் மேல் குறுக்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிறகு சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது. தண்ணீரில் கழியும் நேரம் கூடும், நகத்தால் சிக்கெடுக்கும் நேரம் குறையும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஜிக் கிளம்பும் கணத்திலேயே சிக்கு விழுந்துகொண்டிருந்தால், அப்போது ராடைப் பாருங்கள். ஹெவி பவர் ராடில் 1/4 அவுன்ஸ் ஜிக்கைக் கட்டியிருந்தால் நுனி அதைச் சட்டைசெய்யவே செய்யாது. நீங்கள் வெடுக்கென்று உதறுவீர்கள். ஸ்பூல் எகிறும். ராடு மேல் அச்சிட்டிருக்கும் எடை வரம்பு ஜிக்குக்கு மட்டுமல்ல, டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு. சின்ன எடைத்தராசில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நினைத்ததைவிடச் சில கிராம் கூடவே இருக்கும். அந்த மொத்த எடை வரம்பின் நடுவில் விழுந்தால் நல்லது.

சிக்கு விழுந்த ஃப்ளூரோகார்பனை எடுத்து விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். மடிந்து வெளுத்த இடம் தட்டுப்பட்டால் அதுவரை வெட்டிவிடுங்கள். நல்ல மீன் மாட்டும்போது அந்த இடத்தில்தான் அறும்.

இடமும் வலமுமாகச் சிதறுகிறது

பத்து முறை ஒரே குறிக்கு வீசி, விழுந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் வலப்புறமிருந்து வீசும்போது எல்லாமே வலப்பக்கமாகப் போனால் சீக்கிரம் விடுகிறீர்கள். எல்லாமே இடப்பக்கமென்றால் தாமதமாக விடுகிறீர்கள். ஒரே பக்கமாகத் தவறினால் கையின் பழக்கம். அதைத் திருத்துவது சுலபம்.

ஒன்று இடம், ஒன்று வலம் என்று ஒழுங்கில்லாமல் சிதறினால் நுனியைச் சந்தேகிக்கலாம். ரொம்ப இளகிய நுனி ஜிக்கை விட்டபிறகும் ஆடிக்கொண்டேயிருக்கும், அந்த ஆட்டம் நரம்பு வழியாக ஜிக்கை இழுக்கும். காற்றில் ராடைச் சுண்டிவிட்டு நுனியைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கிவிட்டால் ராடு நல்லது. இப்போதுதான் பழக ஆரம்பித்தவருக்கு எந்த ராடிலும் சிதறத்தான் செய்யும். ஆகவே இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்து ராடைப் பழிக்காதீர்கள்.

மீன் கடிக்கிறது, முள் ஏறவில்லை

தத்தவிடுவதற்கு இளகிய ராடுதான் சுகம் என்று மீடியம் பவருக்கு இறங்கியவர்களின் புகார் இது. ஜிக்கின் முள் தடித்த கம்பி. அதற்கு முன்னால் பாசி மாட்டாமலிருக்க விறைத்த நார்க்கொத்து வேறு. இரண்டையும் தாண்டி முள் ஏற வேண்டும். நீங்கள் எவ்வளவு ஓங்கி இழுத்தாலும் இளகிய ராடு பாதி விசையை வளைந்தே தின்றுவிடும்.

சோதித்துப் பார்க்க, கொக்கித் தராசு ஒன்றைத் தூணில் கட்டி அதன் கொக்கியில் நரம்பை முடியுங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று மீனைக் கொத்தும் அதே வேகத்தில் இழுங்கள். இன்னொருவர் தராசைப் பார்க்கட்டும். பிறகு நண்பரின் மீடியம் ஹெவி ராடில் அதே நரம்பை வைத்துச் செய்யுங்கள். வித்தியாசம் முகத்தில் அறைந்த மாதிரி தெரியும். ஜிக்கைக் கட்டி இதைச் செய்யாதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்தால் கண்ணுக்கு ஆபத்து.

ராடில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நார்க்கொத்தைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் சில இழைகளை அடியோடு வெட்டி, மீதியை விசிறி மாதிரி விரித்துவிடுங்கள். சாதாரண நைலான் நரம்பு இழுபடுவதும் ஒரு காரணம். தத்தவிட்டபின் தண்ணீர் மேல் தொய்ந்து கிடக்கும் நரம்பைச் சுற்றி எடுக்காமலே கொத்துவது இன்னொன்று.

முள் ஏறியது, மீன் தூணைச் சுற்றிவிட்டது

இங்கேதான் குட்டை ராடு காரர்களுக்குக் கொஞ்சம் நட்டம். நீள ராடு ஒரே இழுப்பில் அதிக நரம்பை எடுத்துவிடும், குட்டை ராடுக்கு அந்த வசதி இல்லை. அதை ரீலால் ஈடுகட்டுங்கள்: 7:1 அல்லது 8:1 கியர் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு, எட்டு சுற்று) உள்ள ரீல் மீன் திரும்பும் முன்பே தொய்வை விழுங்கிவிடும். டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) இறுக்கமாக இருக்கட்டும். ராடை மேலே தூக்காமல் பக்கவாட்டில், ஜிக் எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாக இழுங்கள். மேலே தூக்கினால் நரம்பு பலகையின் விளிம்பில் உரசும்.

ராடின் அடிப்பாதி வளைந்து கைப்பிடிவரை வந்துவிடுகிறதென்றால் அந்த ராடு இந்த இடத்துக்குப் போதாது. தூண்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் 50 பவுண்டு பிரெய்டுக்கு (பின்னல் நரம்புக்கு) மாறுகிறவர்கள் உண்டு. பிரெய்டு இழுபடாது, அதனால் ராடின் நுனி இன்னும் சற்று இளகலாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் முள் தாடையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

நரம்பு அடிக்கடி அறுகிறது

ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை உருவிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல். வளையத்தை மாற்றினால் போதும், ராடை அல்ல. வளையங்கள் சுத்தமென்றால் ஜிக்குக்கு மேலே ஒரு முழ நரம்பைத் தடவிப் பாருங்கள். பலகையிலும் தூணிலும் உரசிச் சொரசொரப்பாகியிருந்தால் வெட்டி மறுபடி முடியுங்கள். மேடைகளுக்கு அடியில் வீசுபவர் இதை நாளுக்குப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்பின்னிங் ராடில் வேறு வகைக் குழப்பம்

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சுழலாததால் மேலே சொன்ன சிக்கு வராது. தத்தவிடக் கற்க அதுவே எளிய வழி, இதில் வெட்கப்பட எதுவுமில்லை. 7 அடி மீடியம் ஹெவி, 2500 அல்லது 3000 அளவு ரீல், 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு, முனையில் ஒரு துண்டு ஃப்ளூரோகார்பன் (லீடர்). 1/4 அவுன்ஸ் போன்ற லேசான ஜிக்குக்குப் பெய்ட்காஸ்டரைவிட இதுவே மேல்.

இதில் வரும் கோளாறு நரம்பு கண்ணிகண்ணியாகத் தளர்ந்து வெளியே வருவது. ஜிக் தத்தும்போது ஸ்பூல் விளிம்பை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டு நரம்பை அடக்குங்கள். ரீலில் நரம்பைப் பிடிக்கும் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். அப்படியும் வந்தால் ஸ்பூலில் நரம்பு அளவுக்கு மீறி ஏறியிருக்கும்.

சோதனை ராடைத்தான் காட்டினால்

உங்களுக்கு வந்த அறிகுறியை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "தத்தவிடும் ராடு" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்ற சொற்களுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவரின் மீடியம் ஹெவி இன்னொருவரின் ஹெவிக்குச் சமமாக இருக்கும். ஆகவே உங்கள் ரீலையும், டிரெய்லர் கோத்த உங்கள் ஜிக்கையும் கூடவே கொண்டுபோங்கள். முள் முனையில் ஒரு தக்கையைச் செருகிக்கொள்ளுங்கள்.

ரீலை மாட்டி, நுனியிலிருந்து ஒரு சாண் நரம்பில் ஜிக்கைத் தொங்கவிட்டு மணிக்கட்டை மட்டும் மெல்ல ஆட்டுங்கள். நுனியிலிருந்து ராடின் கால்பங்கு நீளம்வரை உயிரோடு அசைய வேண்டும், அதற்குக் கீழே அசையக் கூடாது. முழு ராடும் ஆடினால் மீன் வரும்போது கைவிடும். எதுவுமே ஆடவில்லையென்றால் மறுபடி தோளால் வீசப் போகிறீர்கள். பின்பிடி முழங்கைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ரீலுக்கு முன்னால் ஒரு விரலை வைத்து ராடை ஏந்துங்கள். நுனி பட்டென்று சரிந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

வாங்கியதும் நேரே மேடைக்கு அடியில் வீசாதீர்கள். திறந்த தண்ணீரில் இரண்டு கழிகளை நட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் அடியில் அனுப்பிப் பழகுங்கள். பத்துக்கு எட்டு போகத் தொடங்கியதும் கயிற்றை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்.